வெயில் நாற்காலியைப் பூட்டி வைக்க விடமாட்டேன்

மேடையில் நாற்காலி கிடைத்த பெரியவர்களே! கீழே நாற்காலி கிடைத்தவர்களே! எங்கும் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்பவர்களே! இன்னும் அழுது முடிக்காத ஒரு அக்காவின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் கையில் ஒன்றும் இல்லாமல் பேசினார்கள். நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பார்த்துத்தான் படிப்பேன், நடுவில் தோன்றுவதையும் சேர்த்துச் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். அது காதில் விழாது என்கிற தைரியத்தில் படிக்கிறேன்.

இந்த இரங்கல் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். என் தம்பி யாரையும் ஐந்து நிமிடத்தில் எழுப்பி அனுப்பியதில்லை. நானும் ஐந்து நிமிடத்தில் எழுந்து போகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே பேசியவர்கள் என் தம்பியை மலை என்றார்கள். மாடி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்கும். அறிவுக் கடல் என்றார் ஒருவர். அவனுக்கு நீச்சல் தெரியாது. பொருளாதார மேதை என்று ஒருவர் சொன்னபோது எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. மேதைக்குத் தன் சட்டைப் பை ஓட்டையாக இருப்பது மாதக்கணக்கில் தெரியாமல் இருக்குமா? அதுவும் தையற்காரியைக் கூடப்பிறந்தவளாக வைத்துக்கொண்டு?

அப்படியானால் அவன் யார்? கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். அது அவனுடைய சம்பளம். ஊர் அவனுக்குக் கொடுத்த பட்டம் வேறு. ‘அப்படியா வாத்தியார்’! கடைத்தெருவில் போய்ப் பேராசிரியர் வீடு எங்கே என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். அப்படியா வாத்தியார் வீடு எங்கே என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் தையற்கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. ஒரு காலத்தில் பஞ்சு மூட்டைக் கிடங்கு. இன்று இந்தக் கூட்டத்தை நடத்துகிற மன்றம்தான் அதை வாடகைக்கு எடுத்து என் தம்பி கையில் கொடுத்தது. சனிக்கிழமை தோறும் மதியத்துக்கு மேல் அங்கே இரண்டு அறிஞர்களை எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விடுவான். நடுவில் ஒரு முக்காலியில் இவன். அரசாங்கம் எதைச் செய்யலாம், எதில் தலையிடக் கூடாது, சந்தையை அதன் போக்கில் விடலாமா, வரி யார் தலையில் விழுகிறது, நியாயம் என்றால் என்ன, இதெல்லாம்தான் பேச்சு. யார் வேண்டுமானாலும் மாடி ஏறி வந்து கேட்கலாம். பேச்சைப் பதிவு செய்து வெளியிட்டதால் வர முடியாதவர்கள் கைபேசியில் கேட்டார்கள். பேருந்தில் போகிறவர்கள் கேட்டார்கள். அடுப்பில் வேலை பார்த்துக்கொண்டே கேட்டார்கள். கடல் தாண்டி இருப்பவர்கள்கூடக் கேட்டுவிட்டு எழுதினார்கள்.

வருகிற அறிஞர் தன் தலைக்குள் இருப்பதையெல்லாம் கொட்டுவார். இவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வான்.

“அப்படியா?”

அவ்வளவுதான். அதில் கிண்டல் இருக்காது. நம்பாத தொனி இருக்காது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் கேட்கிற ‘அப்படியா’ அது. உடனே அறிஞர் இன்னொரு முறை சொல்லிப் பார்ப்பார். இரண்டாவது முறை சொல்லும்போது அவருக்கே எங்கேயோ இடிக்கும். மூன்றாவது முறை அவரே தன்னைத் திருத்திக்கொள்வார். எத்தனை பெரிய மூளைகள் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கின்றன! தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். எனக்குத் தெரியும்.

சரி, நாற்காலிக் கதைக்கு வருகிறேன். மேடையில் என் பக்கத்தில் ஏன் இந்த இரண்டு பழைய மரநாற்காலிகள் கிடக்கின்றன என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். வாசலில் இருந்த காவலாளி, “என்னம்மா, மன்றத்துல நாற்காலி பத்தலையா?” என்றார். “நாற்காலி இருக்குப்பா, உட்கார்ற ஆளு சரியில்லை” என்றேன்.

அந்த அறையில் ஒரே ஒரு மின்விசிறி. அறையின் ஒரு கோடியில் தொங்கும். மறு கோடியில் மேற்குப் பார்த்த சன்னல். நடுவில் மேசை. அது கிடங்குக் காலத்து மேசை, நான்கு ஆள் சேர்ந்தாலும் நகராது. ஆகவே ஒரு நாற்காலிக்குக் காற்று, ஒரு நாற்காலிக்கு வெயில். முதன்முதலாக வந்த இருவரில் ஒருவர், எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடுங்கள் என்று சொல்லுகிறவர். எனக்கு அவர் பெயர் வாயில் நுழையாததால் ‘சந்தைக்காரர்’ என்று வைத்தேன். இன்னொருவர், எல்லாவற்றையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறவர். அவர் ‘சர்க்கார்’. இரண்டு பேரும் இதோ முன் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்குக்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சந்தைக்காரர் வெயிலில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு பேச்சை நிறுத்தி, “சார், இது அநியாயம். இவருக்கு மட்டும் காத்து வருது” என்றார்.

சர்க்கார் விடுவாரா? “ஏன், முன்னாடி வந்தவன் புடிச்ச இடம். உங்க கொள்கைப்படி அது சரிதானே?”

“அப்ப விலை பேசலாம். நகர்றதுக்கு எவ்வளவு வேணும்?”

“அதெல்லாம் வேண்டாம். அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டா முறை வெச்சு உட்காரலாம்.”

“அரசாங்கம் இங்க யாரு?”

எல்லாரும் முக்காலியில் இருந்த என் தம்பியைப் பார்த்தார்கள். அவன் கண்ணாடியைத் துடைத்தான். “அப்படியா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கடைக்கு ஓடிப்போய் என் மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து வெயில் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரிய உதவி செய்துவிட்டதாக நினைப்பு. அது போட்ட இரைச்சலில் ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். “அக்கா, இதுக்கு அந்த வெயிலே பரவாயில்லை!”

அப்போதுதான் என் தம்பி சொன்னான். “சரி, மாறி உட்காருங்க. ஆனா ஒரு நிபந்தனை. நாற்காலி மாறினா பக்கமும் மாறணும். அந்த நாற்காலியில இருந்தவர் என்ன சொன்னாரோ அதை நீங்க பேசணும். அரைகுறையா பேசக்கூடாது. அவரே ஒத்துக்கிற மாதிரி பேசணும்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். மாறி உட்கார்ந்தார்கள். சந்தைக்காரர் அரசாங்கத்துக்காகப் பேச ஆரம்பித்தார். என்ன பேச்சு! சர்க்காரே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். “இந்தப் பாயிண்ட் எனக்குத் தோணலையே” என்று முனகினார். அடுத்து சர்க்கார் சந்தைக்காகப் பேசினார். சந்தைக்காரருக்குப் பொறுக்கவில்லை, “நான் சொன்னதை விட நல்லா சொல்லித் தொலைக்கிறாரே” என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த வழக்கம். அதற்குப் பிறகு விசிறி இன்னொன்று வாங்கிப் போடுகிறேன் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். “வேண்டாம், அந்த வெயில் இருக்கட்டும்” என்று என் தம்பி ஒரேயடியாக மறுத்துவிட்டான்.

அந்த முதல் நாள் இன்னொன்றும் நடந்தது. கூட்டம் முடிந்தும் இரண்டு பேரும் சண்டையை நிறுத்தவில்லை. படி இறங்கும்போதும் சண்டை. என் கடை வாசலில் நின்றும் சண்டை. பேருந்து நிறுத்தம் வரைக்கும் போய்விட்டார்கள். திரும்பவும் பழைய பக்கத்துக்கு மாறிக்கொள்ள இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்! மறுநாள் காலையில் சந்தைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். தம்பி குளித்துக்கொண்டிருந்தான், நான்தான் எடுத்தேன். “அம்மா, சாரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. நேத்து கடைசியில நான் எந்தப் பக்கம் இருந்தேன்? ராத்திரி முழுக்க யோசிக்கிறேன், பிடிபடலை.” நான் குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்டேன். உள்ளே இருந்து பதில் வந்தது. “அப்படியா?”

சிரியுங்கள். சிரிக்கலாம். அவன் இருந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான்.

அன்பானவர்களே! பேச வைப்பது ஒரு பெரிய காரியமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் தம்பிக்குப் பேசாமல் இருக்க வைக்கவும் தெரியும். ஒரு முறை தத்துவம் படித்த பேராசிரியை ஒருவர் வந்தார். வேட்டி, சேலை, மருந்து, மண்ணெண்ணெய், எதை எடுத்தாலும் அதற்கு நியாயமான விலை என்று ஒன்று இருக்கிறதா, அல்லது கொடுப்பவனும் வாங்குபவனும் ஒத்துக்கொண்டதெல்லாம் நியாயமா என்று என் தம்பி கேட்டான். அந்த அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு பேசவே இல்லை. கூட்டத்தில் ஒருவர் இருமினார். ஒலிப்பதிவாளர் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று காதில் மாட்டியிருந்ததைத் தட்டிப் பார்த்தார். என் தம்பி அசையவில்லை. அடுத்த கேள்விக்கும் தாவவில்லை. அந்த அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நடுவில் புகவும் இல்லை. உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். அந்தப் பதிவை இப்போது கேட்டாலும் அந்த இடத்தில் கீழே என் கடையில் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

கடைசியில் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். “தெரியலை சார். இந்த நாற்காலியில உட்கார்ற வரைக்கும் தெரியும்னு நினைச்சேன்.”

இப்படி ஒரு வார்த்தையைப் படித்தவர்கள் வாயிலிருந்து வேறு எங்கே கேட்டிருக்கிறீர்கள்? தெரியாது என்று சொன்னால் மானம் போகாத ஓர் அறையை இந்த ஊரில் வேறு யார் கட்டினார்கள்? அந்தப் பதிவுக்குப் பிறகு கேட்பவர்கள் என் இயந்திரச் சத்தத்துக்கும் பழகிவிட்டார்கள். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல், கடை திறக்கவில்லை. “அந்த டகடக சத்தம் எங்கே? அக்காவுக்கு உடம்புக்கு என்ன?” என்று முகம் தெரியாதவர்கள் விசாரித்தார்கள்.

எனக்கு மட்டும் அவன் சலுகை காட்டியிருப்பான் என்று நினைக்கிறீர்களா? அதையும் கேளுங்கள்.

துணி இறக்குமதி பற்றி ஒரு நாள் பேச்சு நடந்தது. நான் பின் வரிசையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வந்து குவிகிற ஆயத்த உடைகளால் எங்கள் தெருவில் தையற்கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடிக்கொண்டிருந்த சமயம். எனக்கு வயிறு எரிந்தது. எழுந்து நின்று, “இந்த ரெடிமேட் துணியை எல்லாம் உள்ளே விடாம தடை போடணும்” என்றேன். கூட்டம் கை தட்டியது. தம்பி என்னைப் பார்த்தான். அறிஞர்களைப் பார்ப்பது போலவே பார்த்தான்.

“அப்படியா? தடை போட்டா, அதை வாங்கிப் போட்டுக்கிறவங்க என்ன செய்வாங்க?”

“என்கிட்ட வந்து தைச்சுக்கட்டும்.”

“அந்த விலைக்கு நீ தைச்சுக் கொடுப்பியா?”

“கட்டுப்படியாகாது.”

“அப்ப, முன்னாடி வந்து இந்த நாற்காலியில உட்காரு. ரெடிமேட் சட்டை வாங்கற ஒரு அம்மாவா பேசு.”

“டேய், நான் உன் அக்காடா!”

“அதனாலதான் நல்ல நாற்காலி தர்றேன். வெயில் இப்ப இறங்கிடுச்சு.”

உட்கார்ந்தேன். பேசினேன். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் புதுத்துணி எடுத்துக்கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஒரு தாயாகப் பேசினேன். பேசப் பேச எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அவன் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். பல நாள் அவனோடு பேசவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த விஷயத்தில் என் பக்கம்தான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் எதிர்ப் பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகு என்னால் மறக்க முடியவில்லை. அந்த அம்மா இப்போதும் அவ்வப்போது என் கடை வாசலில் வந்து நிற்பது போல் இருக்கும்.

இப்படிப்பட்டவன்தான் போய்விட்டான்.

எப்படிப் போனான்? இங்கே இரண்டு பேர் பூடகமாகப் பேசினார்கள். கடைசியாக நடந்த அந்த விவாதம்தான் அவன் உயிரைக் குடித்தது என்கிற மாதிரி பேசினார்கள். ஆகவே அதையும் மூடி மறைக்காமல் சொல்கிறேன்.

காய்கறிச் சந்தையை ஊருக்கு வெளியே மாற்றலாமா என்பதுதான் அன்றைய தலைப்பு. வெளியே புதுச் சந்தை கட்டுகிறவர்தான் இந்த மன்றத்துக்கு அதிகமாக நன்கொடை கொடுப்பவர். அவருடைய ஆலோசகராக இருக்கிற பொருளாதார அறிஞர் ஒரு பக்கம். கடைக்காரர்களின் வக்கீல் ஒரு பக்கம். வழக்கம் போல் பாதியில் நாற்காலி மாறினார்கள். அந்த அறிஞர் நேர்மையான மனிதர். கடைக்காரர்கள் பக்கம் பேசு என்றதும் முழு மனத்தோடு பேசினார். பழைய சந்தை ஏன் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது போல் அதுவரை எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. வக்கீலும் புதுச் சந்தைக்காக நன்றாகத்தான் பேசினார். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அறிஞர் பேசியதை மட்டும் வெட்டி ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். ‘முதலாளியின் ஆளே முதலாளிக்கு எதிராகப் பேசுகிறார்’ என்று தலைப்பு வேறு! கொடையாளருக்கு மூக்கு விடைத்துவிட்டது. நன்கொடை நின்றுவிடுமோ என்று மன்றம் பயந்தது. முழுப் பேச்சையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள் என்று என் தம்பி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த வாரம் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கள் அப்பாவும் அப்படித்தான் போனார். பெரியப்பாவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்து நெஞ்சு அது. பேச்சின் மேல் பழி போடாதீர்கள்! அந்த அறையின் மேல் கொலைப் பழி போட்டுவிட்டு, அதைச் சாக்காக வைத்து அதற்குப் பூட்டுப் போடலாம் என்று யாரும் கனவு காணாதீர்கள்! வாரத்தில் ஆறு நாள் சோர்ந்து கிடப்பான். சனிக்கிழமை மதியம் முகம் கழுவிக்கொண்டு அந்தப் படியில் ஏறும்போது அவன் நடையே வேறு. பார்த்தவள் சொல்கிறேன்.

பூட்டு என்று ஏன் சொல்கிறேன்? காரியம் முடிந்த மறுநாள் மன்றத் தலைவரும் பொருளாளரும் என் கடைக்கு வந்தார்கள். தலைவர் யாரோ இல்லை. என் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவர். எங்கள் வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கும் கண் கலங்கித்தான் உட்கார்ந்தார்.

“அக்கா, அந்த அறையை அவன் நினைவிடமா ஆக்கிடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். இரங்கல் கூட்டத்துல அறிவிக்கப் போறோம். ரெண்டு நாற்காலியையும் கண்ணாடிக்குள்ள வெச்சுடலாம்.”

“அப்ப அதுல யாரு உட்கார்றது?”

பொருளாளர் சொன்னார். “உட்கார்ந்தா அது எப்படிம்மா நினைவிடம் ஆகும்?”

“சனிக்கிழமைக் கூட்டம்?”

“அதுக்குப் பதிலா வருஷத்துக்கு ஒரு சொற்பொழிவு. அவன் பேருல. பெரிய ஆளா கூப்பிடறோம். அவர் பேசுவார், எல்லாரும் கேட்பாங்க.”

“அவருக்கு எதிரா யாரு பேசுவா?”

“சொற்பொழிவுக்கு எதுக்கு அக்கா எதிர்ப்பேச்சு?”

“சரி, எல்லாம் யோசிச்சு வெச்சுட்டீங்க. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

தலைவர் தரையைப் பார்த்தார். “சாவி உங்ககிட்ட இருக்கே அக்கா.”

ஆமாம். சாவி என்னிடம் இருக்கிறது. அறையைத் திறந்து, பெருக்கி, நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்தவள் நான். இதோ என் கழுத்துக் கயிற்றில் அளவு நாடாவோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் கத்தியிருக்கலாம். வெளியே போங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது என் தம்பியின் வழி இல்லை. இரங்கல் கூட்டத்தில் பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆகவே முதலில் அவன் வழியில் நான் என் கடனைச் செய்கிறேன். இப்போது இந்த நாற்காலியில் உட்காருகிறேன். இது வெயில் நாற்காலி. தலைவரின் பக்கத்தை நான் பேசப் போகிறேன். தலைவரே, அரைகுறையாகப் பேசினால் நிறுத்துங்கள்.

நான் மன்றத் தலைவர். இந்த மன்றத்தை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று மேடையில் மாலை வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. கொடையாளர் கையை இழுத்துக்கொண்டால் சனிக்கிழமைக் கூட்டம் மட்டுமா நிற்கும்? நூலகம் நிற்கும். ஏழை மாணவர்களுக்கு மன்றம் கொடுக்கிற உதவி நிற்கும். அந்தப் பிள்ளைகள் சந்தையைப் பற்றி வாயைத் திறந்தவர்களா? அவர்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்? ஒரு அறையை மூடி ஒரு மன்றத்தைக் காப்பாற்றுவது கோழைத்தனமா, பொறுப்பா?

இன்னொன்று. நான் என் நண்பனை இழந்தவன். அவனைத் திட்டி ஊரெல்லாம் எழுதினார்கள். அவன் பெயர் இனியாவது யார் வாயிலும் விழாமல் இருக்கட்டும் என்று நினைப்பது தப்பா? கண்ணாடிக்குள் வைத்தால் யாரும் கல்லெறிய முடியாது என்று நினைப்பது தப்பா?

இதெல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்று. அவன் இல்லாமல் அந்த அறை எப்படி நடக்கும்? முக்காலியில் யார் உட்காருவார்? நான் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே பக்கம் சாய்ந்துவிடுவேன். வேறு யாராவது உட்கார்ந்து ‘அப்படியா’ என்று கேட்டால் வந்தவர் அடிக்க வருவார். அது அவன் ஒருவனுக்குத்தான் கூடிவந்தது. அவன் பெயரை வைத்துக்கொண்டு தெருச் சண்டை நடத்துவதைவிட, மரியாதையாக மூடிவிடுவது மேல்.

இதுதான் உங்கள் பக்கம். தலைவரே, சரியாகச் சொன்னேனா? இந்த இடத்தில் ‘அவர் தலையாட்டினால்தான் மேலே படிக்க வேண்டும்’ என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன். எனக்கும் பேசாமல் உட்காரத் தெரியும்.

ஆட்டிவிட்டார். எல்லாரும் பார்த்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தீர்கள்.

முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. கொடையாளர் போனால் போகட்டும், மேலே இருக்கிற அறையின் வாடகைக்கு ஈடாக என் கடையில் பாதியைத் தடுத்துக் கட்டட உரிமையாளரையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன், அவரோடு நான் பேசிக்கொள்கிறேன். அந்த மாணவர்களுக்கான உதவியை ஒரு மனிதரின் கோபதாபத்தில் தொங்கவிட்டது யார் என்று மன்றம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும். அவன் பெயர் யார் வாயிலும் விழக் கூடாது என்றால் அது பாதுகாப்பா? ஊர் வாயில் விழுந்து புரண்டு வளர்ந்த பெயர் அது! கண்ணாடிக்குள் வைத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஒரு தடவை செத்தது போதாதா?

மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் இல்லாமல் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெரியாது என்று சொல்லலாம், அதற்கு அந்தத் தத்துவ அம்மா எனக்கு வழி காட்டியிருக்கிறார்.

ஆனால் இது எனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை மதியம் அந்தக் கதவைத் திறப்பேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் திறப்பேன். என் கை கத்தரி பிடிக்கிற வரைக்கும் திறப்பேன். பெருக்குவேன், தண்ணீர் வைப்பேன், கீழே இயந்திரத்தை ஓட்டுவேன். சந்தைக்காரரும் சர்க்காரும் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் வந்து சொன்னார்கள், இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், “காத்து நாற்காலி எனக்குத்தானே?” என்று. அன்றைய தலைப்பையும் நானே வைத்துவிட்டேன். ‘நன்கொடை கொடுப்பவர் பேச்சை நிறுத்தச் சொல்லலாமா?’ கொடையாளர் ஐயாவுக்கு என் கையால் அழைப்பு எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் தரப்பிலும் நியாயம் இருக்கும், வந்து சொல்லட்டும். காற்று நாற்காலியை அவருக்கே தருகிறேன். பாதி நேரத்துக்கு.

முக்காலியில் யார் உட்காருவார்? தெரியவில்லை. சரியாக வராமல் போகலாம். சண்டை முற்றலாம். முதல் வாரம் கேவலமாக இருக்கலாம். என் தம்பி முதல் வாரம் ஒலிவாங்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசியவன், ஒலிப்பதிவாளரைக் கேளுங்கள்!

நான் வெயில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இது இப்போது காலியாக இருக்கிறது. இந்த மண்டபத்தில் சன்னல் வெயில் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

தலைவரே, மன்றத்து நாற்காலியை விட்டு எழுந்து வாருங்கள். உங்கள் பக்கத்தை நான் பேசி முடித்துவிட்டேன், நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். இனி என் பக்கத்தை நீங்கள் பேச வேண்டும். அந்த அறை ஏன் திறந்திருக்க வேண்டும், அவன் இல்லாமல் அதை எப்படி நடத்துவது என்று பேச வேண்டும். எனக்குத் தெரியாத பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் நீங்கள். நான் ஒத்துக்கொள்கிற மாதிரி பேச வேண்டும். பேசி முடித்த பிறகும் சாவி வேண்டும் என்று தோன்றினால் கையை நீட்டுங்கள். இத்தனை பேர் முன்னால் நீட்டுங்கள்.

ஒலிவாங்கியை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன். இதற்கு மேல் தாளில் எழுதவில்லை.

வா தம்பி. உட்காரு. சொல்லு, கேக்கறேன்.